வடிகட்டி வாங்கியாச்சு... அப்புறம்?
(இறுதியாண்டு, சிவில் பிரிவு)

பேரவை மலருக்கு "நீரின் பெருமை" என்று ஒரு கட்டுரை எழுதித் தா என்று கேட்டார் மலர்க்குழு நண்பர். நீரின் பெருமையை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கும் எவர்சில்வர் பில்டர் ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பில்டரை ஒருமுறை திறந்து பார்த்தீர்கள் என்றால் அதுவே எனக்குப் போதும்.

நான் பள்ளியில் படிக்கும்போது அம்மா தினமும் ராத்திரி ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, மறுநாளைக்கு எடுத்து வைப்பார். ஒரு தீபாவளி போனஸில் அப்பா இரண்டு கேண்டில் வைத்த பில்டர் வாங்கி வந்தார். அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டார்: "அப்பாடா, இனிமே காய்ச்ச வேண்டாம். கேஸும் மிச்சம், வேலையும் மிச்சம்."

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைட்டிஸ் ஏ என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஐந்து வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. பையன் பாதியாகிவிட்டான். இந்த வைரஸ் உடம்புக்குள் போன பிறகு நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள்வரை ஆகும். அதனால் வந்தது வீட்டுத் தண்ணீரிலா, பள்ளிக்கூடத் தண்ணீரிலா, தெருவோரத்துப் பானிபூரியிலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அப்பா பில்டரைக் கழற்றிப் பார்த்தார். ஒரு கேண்டிலில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். "இதுதான் காரணம்" என்று புதுக் கேண்டில் மாட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

பாலிடெக்னிக் வந்து, சுற்றுச்சூழல் பொறியியல் வகுப்பில் துகள்களின் அளவைப் பற்றிப் பாடம் நடந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. விரிசலே இல்லாத புதுக் கேண்டிலாக இருந்தாலும் அந்த வைரஸ் தாராளமாக உள்ளே போயிருக்கும்! பில்டர் வாங்கியது தப்பில்லை. வாங்கிய அன்றே காய்ச்சுவதை நிறுத்தியதுதான் தப்பு.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். எந்த வடிகட்டிக்கும் ஒரு வேலை உண்டு, ஒரு ஆயுள் உண்டு. இந்த இரண்டும் தெரியாமல் அதை நம்பினால், வடிகட்டி இல்லாத வீட்டைவிட வடிகட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம்.

தண்ணீரில் என்னதான் இருக்கிறது?

கடைக்குப் போகும் முன் நம் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உள்ள வேண்டாத சமாச்சாரங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மிதப்பவை. மண், துரு, பாசி, தூசி. கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசித் தெளியவைத்தது இதைத்தான். நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டு, மணல் படுகையில் வடிப்பதும் இதற்காகத்தான்.

இரண்டு, கரைந்தவை. கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை. கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீரிலும் இவை இருக்கும். சோறு மஞ்சளாகிறது, பருப்பு வேக மறுக்கிறது, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் இவற்றில் சில கூடுதலாக இருக்கின்றன என்று பொருள்.

மூன்று, உயிருள்ளவை. இங்கேதான் அளவு முக்கியம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியாவின் முட்டை போன்ற கூடு சுமார் 10 மைக்ரான். ஈ.கோலி பாக்டீரியா 1 முதல் 2 மைக்ரான் நீளம். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸோ சுமார் 0.03 மைக்ரான்தான். நல்ல செராமிக் கேண்டிலின் துளை 0.3 மைக்ரான் என்று வைத்துக்கொண்டாலும், அது வைரஸைப்போலப் பத்து மடங்கு அகலம். கோயில் ராஜகோபுர வாசல் வழியாக ஓர் ஆட்டுக்குட்டி நுழைவது மாதிரி அது நுழைந்துவிடும். மலிவான கேண்டில்களில் துளை இதைவிடப் பெரியது. அவற்றில் பாக்டீரியாவே தப்பிவிடும்.

வைரஸை லேசாக நினைக்கக் கூடாது என்பதற்கு 1955 நவம்பரில் டில்லியில் நடந்ததே சாட்சி. யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை நீர் கலந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். பாக்டீரியாவால் வரும் நோய்கள் பெருகவில்லை. ஆனால் 1956 ஜனவரி முடிவதற்குள் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அதற்குக் காரணமான கிருமிக்கு ஹெபடைட்டிஸ் ஈ என்று அடையாளம் கிடைத்ததே 1980-களில்தான்.

எந்த வடிகட்டி எந்த வேலையைச் செய்யும்?

கடைக்காரர் ஏழு கட்டச் சுத்திகரிப்பு, எட்டு கட்டச் சுத்திகரிப்பு என்பார். பயப்பட வேண்டாம். அடிப்படையில் ஆறே ஆறு முறைகள்தான்.

1. செராமிக் கேண்டில்: கலங்கலை நீக்கும். நல்ல தரமானது பாக்டீரியாவையும் பெருமளவு தடுக்கும். வைரஸைத் தடுக்காது. உப்பை ஒன்றும் செய்யாது.

2. ஆக்டிவேட்டட் கார்பன்: பெரும்பாலும் நம் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான். நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்தும்போது கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. நல்ல கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர்வரை பரப்பு இருக்கும். நம் கணக்கில் சொன்னால் நாலு கிரவுண்டுக்கும் மேலே! இந்தப் பரப்பில்தான் குளோரின் வாடை, நிறம், சில பூச்சிமருந்து எச்சங்கள் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் ருசியாகும். கிருமி சாகாது, உப்பு குறையாது. (சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தி. பிரதீப் குழுவினர் நுண்ணிய உலோகத் துகள்களால் பூச்சிமருந்து எச்சத்தைச் சிதைக்கும் வழியைக் கண்டார்கள். அது 2007-இல் வீட்டு வடிகட்டியாகவே கடைக்கு வந்தது.)

3. ரெசின்: சின்னச் சின்ன ஜவ்வரிசி மாதிரி இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடம் உள்ள ஹைட்ரஜனையோ சோடியத்தையோ விட்டுவிடும். இது பண்டமாற்று. கையில் சரக்கு தீர்ந்தால் வியாபாரமும் நின்றுவிடும்.

4. யு.எஃப். சவ்வு: துளை 0.01 முதல் 0.1 மைக்ரான். மின்சாரம் வேண்டாம். பாக்டீரியாவைத் தடுக்கும், துளை மிகச் சிறியதாக இருந்தால் வைரஸையும் பெருமளவு தடுக்கும். உப்பு அப்படியே வரும்.

5. யு.வி. விளக்கு: 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் பெருகவிடாமல் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். கரண்ட் இல்லையென்றால் இதுவும் இல்லை.

6. ஆர்.ஓ.: பம்பு வைத்து அழுத்தி, உப்பையே பிரிக்கும் சவ்வு. கரைந்த உப்பைக் குறைக்க வீட்டளவில் பரவலாகக் கிடைப்பது இதுதான். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே போகும். உப்பு குறைவாக உள்ள ஊரில் இது வீண் செலவு. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இதனால்தான்.

இந்த 500 எங்கிருந்து வந்தது? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு. அதன்படி கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம்வரை நல்லது. வேறு தண்ணீரே கிடையாது என்றால் 2000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200, வேறு வழியில்லையென்றால் 600. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. ஈ.கோலி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஃபுளோரைடைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இது காய்ச்சினால் போகாது. நீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கேண்டிலிலும் கரியிலும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் பல்லிலும் எலும்பிலும் அனுபவித்த இந்தக் கஷ்டத்துக்காகத்தான் காவிரித் தண்ணீரையே கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கத்து நண்பர்கள் போர் தண்ணீர் குடிப்பவர்களாக இருந்தால், எந்தப் பில்டர் வாங்குவதற்கு முன்பும் ஃபுளோரைடு சோதனை அவசியம்.

வெளிநாட்டு ஜக் வந்த கதை

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மாமா ஒரு விடுமுறைக்கு வந்தபோது பில்டர் ஜக் ஒன்று கொண்டுவந்தார். மேலே ஊற்றினால் நடுவில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் வழியாகக் கீழே இறங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே நிற்கும். பார்க்க அழகு. தெருவே வந்து பார்த்தது.

கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சிரட்டைக் கரியும் ரெசினும்தான். அந்த நாட்டில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். ஆனால் பல ஊர்களில் சுண்ணாம்பு அதிகம். டீ கெட்டிலில் படியும். அதைக் குறைத்து, ருசியைக் கூட்டத்தான் இந்த ஜக். ஏற்கெனவே கிருமி இல்லாத தண்ணீருக்காகச் செய்யப்பட்ட சாதனம் இது. இந்த வகை அட்டைப் பெட்டிகளில் என்.எஸ்.எஃப். 42, 53 என்று எண்கள் இருந்தால் கவனியுங்கள். 42 என்றால் சுவை, வாடை, குளோரின். 53 என்றால் ஈயம் போன்ற சில கெடுதலான பொருள்கள். பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும் என்று இரண்டுமே சொல்லவில்லை. "பில்டர்" என்ற ஒரே பெயரைப் பார்த்து நாமாக அப்படி நினைத்துக்கொண்டோம்.

அடுத்தது ஆயுள். அந்தக் கார்ட்ரிட்ஜ் 150 லிட்டர் அல்லது நான்கு வாரம், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று போட்டிருந்தது. தனி ஆளாக இருக்கும் மாமாவுக்கு நான்கு வாரம் சரி. எங்கள் வீட்டில் நான்கு பேர். குடிக்க 10 லிட்டர், சமையலுக்கு 5 லிட்டர், ஆக ஒரு நாளைக்கு 15 லிட்டர். பத்தே நாளில் கணக்கு முடிந்தது! அதுவும் எங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ரெசின் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். ஆனால் மூடியில் உள்ள காட்டி என்னவோ இன்னும் மூன்று கோடு காட்டிக்கொண்டிருந்தது. ஏன் தெரியுமா? பல ஜக்குகளில் அந்தக் காட்டி தண்ணீரைச் சோதிப்பதே இல்லை. நாள்களை எண்ணும், அல்லது மூடி எத்தனை முறை திறந்தது என்று எண்ணும். அவ்வளவுதான்.

ஜக் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. நகராட்சித் தண்ணீர் ஒழுங்காகக் குளோரின் போட்டு வருகிறது, ஒருவர் இருவர்தான் வீட்டில், பிளீச்சிங் பவுடர் வாடைதான் தொந்தரவு என்றால் அது நல்ல சாதனம். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் குடித்தாலும் ருசியாக இருக்கும். லாரித் தண்ணீருக்கும் சம்பில் நாலு நாள் தேங்கிய தண்ணீருக்கும் அதை மட்டும் நம்பினால் அது அதன் குற்றம் அல்ல, நம் குற்றம்.

பழுப்பாகும் தண்ணீர்: ஒரு மாயாஜாலம்

ஒருநாள் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் வைத்து பிளக்கில் சொருகினார். எங்கள் டம்ளர் கருகிய டீ மாதிரி ஆயிற்று. அவருடையது அப்படியே இருந்தது. "பார்த்தீங்களாம்மா, இதைத்தான் நீங்க குழந்தைங்களுக்குக் கொடுக்கிறீங்க" என்றார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. தம்பியின் காமாலை நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது.

நான் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "சார், இப்போ வைங்க" என்றேன். வைத்தார். அதுவும் பழுப்பானது. அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடினார்.

விஷயம் இதுதான். கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்பே கரைந்து துருவாக மாறுகிறது. அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது! பாரடே விதியைப் போட்டுப் பாருங்கள். 0.1 ஆம்பியர் ஒரு நிமிடம் பாய்ந்தால் 6 கூலம்ப். அதில் கரையும் இரும்பு ஏறத்தாழ 1.7 மில்லிகிராம். 200 மில்லி டம்ளரில் அது லிட்டருக்கு 8.7 மில்லிகிராம். குடிநீரில் இருக்கலாம் என்று தரம் சொல்லும் 1 மில்லிகிராமைப்போல எட்டு மடங்குக்கும் மேல். நிறம் மாறாமல் என்ன செய்யும்?

கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டரையும் இதே கண்ணோடு பாருங்கள். அது மின்கடத்தும் திறனை அளந்து உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. டி.டி.எஸ். 60 என்று காட்டும் தண்ணீரிலும் காலரா இருக்கலாம்; 600 காட்டும் தண்ணீர் கிருமியே இல்லாமல் இருக்கலாம். கிருமிக்கு வேறு சோதனை உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று கேட்டால் கிடைக்கும். தண்ணீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், சாக்கடைக் கலப்பு இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். முழுச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்கும் முன் அங்கே ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கார்ட்ரிட்ஜ்: வாங்கும்போது

பில்டரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். கார்ட்ரிட்ஜின் விலையைப் பார்த்து வாங்குங்கள். பில்டர் ஒருமுறை செலவு. கார்ட்ரிட்ஜ் காலம் பூராவும் செலவு. கணக்கு எளிது. விலையை லிட்டரால் வகுக்க வேண்டும். 600 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 1500 லிட்டர் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 40 பைசா. அதே 600 ரூபாய்க்கு 150 லிட்டர்தான் என்றால் 4 ரூபாய். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் லிட்டர் 2 ரூபாய்.

காய்ச்சினால் என்ன ஆகும்? 30 டிகிரி தண்ணீரை ஒரு லிட்டர் கொதிக்கவைக்க 293 கிலோஜூல். அடுப்பின் திறன் 60 சதவீதம் என்றால் சுமார் 11 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 1300 லிட்டர். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் லிட்டருக்கு 70 பைசா. "கேஸ் மிச்சம்" என்று அம்மா சொன்னது இந்த 70 பைசாவைத்தான்!

நீங்கள் வாங்கும் பில்டருக்குக் கார்ட்ரிட்ஜ் உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்கவில்லையென்றால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். "எல்லாத்துக்கும் பொருந்தும் சார்" என்று தரும் பெயரில்லாக் கார்ட்ரிட்ஜில் எச்சரிக்கை தேவை. அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் கரிக்குள் போகாமல் ஓரமாக இறங்கிவிடும். தண்ணீர் சுலபமான வழியைத்தானே தேடும்? உறையின் மேல் தயாரித்த தேதி, எத்தனை லிட்டர், எந்தத் தரத்துக்குச் சோதித்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

பயன்படுத்தும்போது

புதுக் கார்ட்ரிட்ஜை உறையில் சொன்னபடி ஊறவைத்து, முதல் இரண்டு மூன்று தடவை இறங்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். கரித்தூள் வரும், பயமில்லை.

வெந்நீரை ஊற்றவே கூடாது. கரி பிடித்து வைத்ததைச் சூட்டில் விட்டுவிடலாம். காய்ச்சிய தண்ணீர் நன்றாக ஆறட்டும்.

வேகத்தைக் கவனியுங்கள். மெதுவாகிக்கொண்டே வந்தால் அடைப்பு. கேண்டிலாக இருந்தால் தேய்க்க வேண்டும். திடீரென்று வேகமாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். விரிசல் விழுந்திருக்கிறது, அல்லது வாஷர் நழுவியிருக்கிறது.

கேண்டிலை ஓடும் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் போனால் வராது. தேயத் தேயச் சுவர் மெலியும் என்பதால் அதற்கும் ஆயுள் உண்டு. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: நன்றாக ஊறிய கேண்டிலைத் தண்ணீரில் முழுக வைத்து, அதன் தண்டில் ஒரு சுத்தமான ரப்பர் குழாயை மாட்டி மெதுவாக ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் அங்கேதான் ஓட்டை. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற அதே முறைதான்!

வடிகட்டிய தண்ணீரை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். குளோரினைக் கரி எடுத்துவிட்டபின் அந்தத் தண்ணீருக்குக் காவல்காரன் கிடையாது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் தேங்கியதைக் கொட்டிவிட்டு, இரண்டு தடவை வடித்து ஊற்றிய பிறகு குடியுங்கள். ஈரமான கரியில் பாக்டீரியா குடித்தனம் நடத்தும். காலாவதியான கார்ட்ரிட்ஜைப் போட்டுவைப்பதும் அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதும் ஒன்றுதான்.

கீழ்த் தொட்டியையும் குழாயையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும், கீழே கையை விட்டு டம்ளரில் மொண்டால் போச்சு.

மாற்றும் நாளை ஞாபகத்தில் வைக்காதீர்கள், எழுதி ஒட்டுங்கள். மாட்டிய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், மாற்ற வேண்டிய தேதி. 1500 லிட்டர், நாளைக்கு 15 லிட்டர் என்றால் நூறு நாள். நூறாவது நாளில் தண்ணீர் ருசியாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் நாக்குக்குக் குளோரின் தெரியும், உப்பு தெரியும், வைரஸ் தெரியாது.

எங்கள் வீட்டில் இப்போது

அந்தப் பழைய எவர்சில்வர் பில்டர் இன்னும் இருக்கிறது. முதலில் அதில் வடித்து, பிறகு அம்மா காய்ச்சுகிறார். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்கிவிடுவார்; பாக்டீரியா, வைரஸ் இரண்டுக்கும் அது போதும். கேஸ் தீர்ந்த நாளில் வடித்த தண்ணீரில் குளோரின் மாத்திரையை உறையில் சொன்ன அளவில் போட்டு அரை மணி நேரம் வைக்கிறோம். மாமா கொடுத்த ஜக்கில் இப்போது காய்ச்சி ஆறிய தண்ணீர் இருக்கிறது, கார்ட்ரிட்ஜ் இல்லாமல். பில்டர் மேல் ஒட்டிய சீட்டில் தேதி எழுதுவது தம்பியின் வேலை. யாரும் சொல்லாமலே செய்கிறான். ஐந்து வாரம் படுத்துக் கிடந்தவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே!

கடைசியாகப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி வராந்தாவில், விடுதி மெஸ்ஸில், ஒர்க்‌ஷாப் வாசலில் தண்ணீர் கூலர்கள் இருக்கின்றன. ஆயிரம் பேர் குடிக்கிறோம். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றினார்கள் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? ஒவ்வொரு கூலரிலும் மாற்றிய தேதி, மாற்ற வேண்டிய தேதி என்று இரண்டு வரிச் சீட்டு ஒட்ட அடுத்த ஆண்டுப் பேரவை ஏற்பாடு செய்தால், இந்த மலரில் நான் எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்வேன். சீட்டும் பசையும் சேர்த்துப் பத்து ரூபாய் ஆகாது.